குப்பைப் போர்வைக்கு மெழுகு

அந்த ஏரியா மேனேஜர் பொய் எழுதினார். காரை விட்டு இறங்காமலே எழுதினார். "தையல் சரியில்லை. தையல் வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறது. நாற்றத்துக்கு அதுதான் காரணம்" என்று ஒரு கடிதம். அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. இந்தப் போர்வையை வாங்கிய அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கடைசி வரியில் என் கடையின் பெயர். ஏனென்றால் தைத்தது நான்.

நாமக்கல்லில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடை என்னுடையது. இரண்டு வருடமாக இந்தக் குப்பைப் போர்வையும் தைக்கிறேன். இது தார்ப்பாய் இல்லை. இரண்டு துணிக்கு நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். மேலே விழுகிற மழை உள்ளே போகாது. உள்ளே எழுகிற ஆவியும் காற்றும் வெளியே வந்துவிடும். காய்கறிக் குப்பையைக் குவித்து, அடியில் குழாய் போட்டு புளோயரால் காற்று ஊதி, மேலே இதைப் போர்த்தினால் சில வாரத்தில் உரம். நாற்றம் போர்வைக்குள்ளேயே நின்றுவிடும். சவ்வுத் துணியும் விற்பனையும் அந்த மேனேஜரின் கம்பெனியுடையது. அதைப் பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்து, தையல் மேல் டேப் வைத்துச் சூடு காட்டி ஒட்டுவது என் வேலை. இதுவரை பதினோரு போர்வை தைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் குப்பை மேல் போர்த்திப் பார்த்ததில்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

கடிதத்தைப் படித்ததும், அதில் நாற்றம் என்று சொன்ன கம்பம் பக்கத்து உரக்கொட்டகைக்குப் போன் போட்டேன். ஜெயக்கொடி என்று ஒரு பெண். அவர்தான் அங்கே மேஸ்திரி. திராட்சைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து போட்ட கொட்டகை அது. அவருக்குக் கீழே ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

"யக்கா, வெள்ளிக்கெழம காலையில ஊர்க்காரவுக பூட்டோட வாராக. அதுக்குள்ள நாத்தம் நின்டா கொட்டக இருக்கும். இல்லைன்னா நாங்க பத்துப் பேரும் மறுபடி ஏலத் தோட்டத்துக்கு மலையேற வேண்டியதுதான்" என்றார்.

அன்று திங்கட்கிழமை. செவ்வாய் காலை நான் பஸ்ஸில் இருந்தேன்.

மடியில் சூட்டு மிஷின், காலடியில் டேப் சுருள். பக்கத்துச் சீட்டு அம்மா மிஷினின் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "தல காய வைக்கிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இம்புட்டுப் பெருசா?" என்று என் தலையை ஒரு பார்வை பார்த்தார். என் தலையில் முடி குறைவு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேனியில் இறங்கியபோது சாரல். எங்கள் ஊரில் ஆடி மாதம் மண் பறக்கும். இங்கே காற்றே ஈரமாக இருக்கிறது. மூன்று பக்கமும் மலை, மலை மேல் மேகம், மேகத்துக்குக் கீழே பஸ் ஸ்டாண்ட், அதற்குள் ஓயாத ஹாரன். பசி. பரோட்டாவும் ஆம்லெட்டும் சொன்னேன். பரோட்டாவைக் குறை சொல்ல முடியாது. பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினால் இலையில் ஒன்றும் மிஞ்சாது. ஆம்லெட்டைப் பார்த்ததும் சர்வரைக் கூப்பிட்டு, "முட்டை எந்த ஊருங்க?" என்றேன்.

"நாமக்கல்லுக்கா."

அந்த முட்டை என்னைவிடச் சொகுசாக வந்து சேர்ந்திருக்கிறது. நான் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன். அது அட்டையில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

கம்பத்தில் இறங்கி, காமயகவுண்டன்பட்டி என்று போர்டு போட்ட டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் வரவில்லை. கே.கே.பட்டி பஸ் மட்டும் மூன்று வந்து போயிற்று. நான்காவது வந்தபோது கண்டக்டரிடம் சண்டைக்கே போனேன். "ஒரே ஊருக்கு இத்தனை பஸ் விடறீங்க, காமயகவுண்டன்பட்டிக்கு ஒண்ணுகூட இல்லீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா, அதுதான் இது. ஏறு."

பஸ் முழுவதும் சிரித்தது. ஒரு பெரியவர் மட்டும் சிரிக்காமல் இடம் விட்டு உட்காரச் சொன்னார். அவர் இறங்கும்போது பார்த்தேன், அவரும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்.

வழியெல்லாம் திராட்சைப் பந்தல். தலைக்கு மேலே கொடி, கொடிக்குக் கீழே குனிந்து நடக்கிற ஆட்கள். நடுவே நெல், தென்னை, வாய்க்கால் நிறையத் தண்ணீர். எங்கள் ஊரில் பாறையும் கோழிப் பண்ணையும்தான். இவ்வளவு பச்சையை வைத்துக்கொண்டு இவர்கள் எதற்குக் கவலைப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் நாற்றம் வந்துவிட்டது. கொட்டகைக்கு இன்னும் இரண்டு வயல் தூரம் இருந்தது.

கொட்டகைக்கு எதிரே ஒரு டீக்கடை. வாசலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். என் மூட்டையைப் பார்த்ததும், "தச்ச ஆளா?" என்றார். அவர்தான் மாரிச்சாமி. பூட்டு அவரிடம்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

"இங்கன உக்காந்து ஒரு டீ குடிச்சுப் பாரு. அப்பறம் உள்ள போ."

உட்கார்ந்தேன். நல்ல டீ. இரண்டாவது வாய் இறங்கவில்லை. அழுகிய முட்டைக்கோஸ், புளித்த திராட்சை, அதற்கும் கீழே வேறு ஏதோ ஒன்று. கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பாத்தியா? ஒரு மாசமா என் யாவாரம் இதுதான். டீ போடுறேன், கீழ ஊத்துறேன்" என்றார் மாரிச்சாமி.

ஜெயக்கொடி ஓடி வந்தார். ஒல்லியான பெண், காலில் பெரிய ரப்பர் பூட்ஸ், காதில் பெரிய தோடு. "யக்கா, சாப்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார். நாற்றத்துக்கு நடுவே சாப்பாட்டை விசாரிக்கிற ஊர் இது.

உள்ளே நான் தைத்த போர்வையைப் பார்த்தேன். பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. ஓரம் முழுக்க மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். காற்று ஒவ்வொரு இடமாக மூட்டையைத் தூக்கி, புஸ் புஸ்ஸென்று வெளியே வந்தது. வந்த காற்றெல்லாம் நேராக மாரிச்சாமி கடைக்கு.

"மேனேஜர் வந்தாராமே, பாத்தாராமே" என்றேன்.

"வந்தாகக்கா. கார்லயே இருந்தாக. கண்ணாடிய நாலு வெரலு எறக்குனாக, மூக்கப் பொத்துனாக, போன நீட்டி ஒரு போட்டா எடுத்தாக, போயிட்டாக."

"போர்வைக்குக் கீழ கையை வச்சுப் பாத்தாருங்களா?"

"காரு கதவுலயே கைய வைக்கல."

அன்று இருட்டுவதற்குள் ஒவ்வொரு தையலாக வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பெண்கள் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் குப்பைக்கும் போர்வைக்கும் நடுவே தலையை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. எல்லாத் தையலும் நன்றாக இருந்தது. ஒரே ஒரு மூலையில், கயிறு மாட்டுகிற வளையத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு டேப் தூக்கியிருந்தது. அது என் தப்பு. மேனேஜர் வேண்டுமானால் இதைக் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஒரு சாண் வழியாக இந்த ஊரையே விரட்டுகிற நாற்றம் வராது.

புதன்கிழமை. கம்பத்து லாட்ஜில் விடிகாலையிலேயே எழுந்து, கட்டஞ்சாயா குடித்தேன். இங்கே பாதிக் கடையில் மலையாளம் கலக்கிறது. பால் இல்லாத டீயை ஒரு சாமான் என்று குடிக்கிறார்கள். குடித்துப் பார்த்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. கொட்டகைக்குப் போய் மூலை டேப்பை முதலில் ஒட்டினேன். பிறகு போர்வையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இதத்தாங்கா சொல்றோம். மொத மழையிலருந்தே இப்பிடித்தான் நனையுது. ஒழுகுது" என்றார் ஜெயக்கொடி.

தையல் நல்ல தையல், தண்ணீரோ கையில் ஒட்டுகிறது. மேனேஜர் சொன்னது நிஜம்தானோ? குழுவில் போட்ட கடிதம் சரிதானோ? அப்போது மாரிச்சாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அது தினசரி வேலை.

"ஏத்தா ஜெயக்கொடி! ஒழுகுது ஒழுகுதுங்கிறியே, நேத்துப் பகல்லருந்து எங்கன மழ பேஞ்சுச்சு? என் இட்லிக் கொப்பர மூடியத் தொறந்தாலுந்தான் தண்ணி கொட்டுது. அதுக்காக மூடி ஓட்டைன்னு நாமக்கல்லுக்கா லெட்டர் போடுறேன்?"

நான் அப்படியே நின்றேன். வானத்தைப் பார்த்தேன். மேகம் இருந்தது, ஆனால் முதல் நாள் தேனிச் சாரலுக்குப் பிறகு இந்தப் பக்கம் ஒரு துளி விழவில்லை. தரை காய்ந்து கிடந்தது. குப்பை வேகிறது. ஆவி மேலே போகிறது, போர்வையில் முட்டி, தண்ணீராக நிற்கிறது. மழை இல்லை. ஒழுகல் இல்லை. எதிரி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

"அண்ணா, நீங்க சொன்னது சரீங்க!" என்று கத்தினேன்.

"நான் என்னத்தச் சொன்னேன்?" என்று பயந்துபோனார் மாரிச்சாமி.

ஆனால் இன்னொரு கேள்வி இருந்தது. ஆவி வெளியே போகிற போர்வை ஏன் பூரி மாதிரி உப்ப வேண்டும்? சந்தேகத்துக்காக நடுப் பட்டையில் சூட்டு மிஷினைக் காட்டினேன். துணி பளபளவென்று மின்னியது. பிறகு சொட்டியது. மெழுகுவர்த்தி வாசனை.

"இதுல யாருங்க மெழுகு தேச்சது?"

ஒன்பது பெண்களும் ஒரே நேரத்தில் பெருமையாகச் சொன்னார்கள்: "சிக்கந்தரண்ணன்!"

போன் போட்டார்கள். அரை மணியில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. தினமும் விடிகாலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை மேலே போகிற ஜீப். சிக்கந்தர் இறங்கினார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, பாராட்டு வாங்க வந்த முகம்.

"ஒழுகுதுன்னு ஜெயக்கொடி அழுதுச்சுக்கா. கம்பெனிக்கு நாலு தடவ போன் போட்டாக, எவனும் எடுக்கல. நம்ம ஜீப்புக்கு வருசா வருசம் மழைக்கு முன்னாடி மெழுகக் காச்சி, மண்ணெண்ணெய் கலந்து, கேன்வாஸ்ல தேப்போம்ல? இந்தப் பக்கம் எல்லா ஜீப்புக்கும் அதுதான். மலையில என்ன மழ அடிச்சாலும் ஒத்தத் துளி உள்ள வராது. அதேதான். மூணு டப்பா நம்ம கையிலருந்து. ஒரு நாள் பூரா ஏணியில நின்டு தேச்சேன்."

"நல்லாத் தேச்சிருக்கீங்க" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஒரு இடம் விடவில்லை மனிதர்.

"தேச்சதுக்கப்பறந்தான் நாத்தம் சாஸ்தியாச்சு" என்றார் ஒரு பெண் மெதுவாக. எல்லோரும் சிக்கந்தரைப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். சவ்வின் கண்ணெல்லாம் மெழுகால் அடைபட்டுவிட்டது. காற்று மேலே போக வழி இல்லை. அதனால் உப்புகிறது, ஓரத்தால் நாற்றத்தோடு தப்புகிறது. ஓரம் தூக்கத் தூக்க மூட்டையை ஏற்றியிருக்கிறார்கள். குப்பைக்கு மூச்சு அடைத்து, அது அழுகத் தொடங்கிவிட்டது.

சிக்கந்தர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப நான்தான் ஊர நாறடிச்சனா?"

"ஆமாய்யா!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாரிச்சாமி. "ஒரு மாசமா எங்கடைக்கி வந்து, என்னா மாரி நாத்தம்னு கேட்டுட்டு, டீய வேற குடிச்சிட்டுப் போன!"

சிக்கந்தரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும்.

போர்வை வந்த மூட்டையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டுமே என்று கேட்டேன். ஜெயக்கொடி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. முப்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் படம் பார்க்க இங்கிலீஷ் வேண்டாம். ஒரு பக்கத்தில் போர்வைக்கு அடியில் தண்ணீர்த் துளி, பக்கத்தில் சரி என்று ஒரு குறி. அடுத்த பக்கத்தில் பிரஷ், அதன் மேல் பெருக்கல் கோடு. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

முதல் போர்வை தைத்தபோதே நான் கேட்டேன். "சார், இதை எப்படிப் பாத்துக்கணும்னு ஓரத்தில் மூணு வரி தமிழில் அச்சடிங்க, நானே துணியில் ஒட்டித் தர்றேன்" என்று. மேனேஜர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "கம்பெனி டிசைன் மேடம், அதெல்லாம் மாத்த முடியாது." அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அன்றைக்கு எனக்கு ஆர்டர் பெரிதாகத் தெரிந்தது.

நல்ல வேளை, இரண்டாவது போர்வை ஒன்று பிரிக்காமல் கிடந்தது. முதல் போர்வை ஒழுகுகிறது என்று பயந்து அதைத் தொடவே இல்லை. மதியத்துக்கு மேல் மெழுகுப் போர்வையை உருவினோம். அப்போது கிளம்பியதே ஒரு நாற்றம்! எதிர்க்கடையில் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. குப்பையைக் கிளறி, காய்ந்த தென்னை மட்டைத் தூளைக் கலந்து, மறுபடி குவித்தோம். சிக்கந்தர் யார் சொல்லியும் கேட்காமல் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கிளறுகிற முள்வாரியோடு நடுக்குப்பையில் நின்றார். தேய்த்த கை கிளறட்டும் என்றார். இருட்டுகிறபோது புதுப் போர்வை மேலே ஏறியது. லேசாக மூச்சு விடுகிற மாதிரி எழும்பி நின்றது, உப்பவில்லை.

வியாழக்கிழமை சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து ஓரத்துப் பட்டையில், சவ்வு இல்லாத இடமாகப் பார்த்து, என் கையெழுத்தில் எழுதினேன். அடியில் தண்ணீர் நிற்கும், பயப்பட வேண்டாம். மெழுகு, எண்ணெய், சோப்பு எதுவும் போடக் கூடாது. உப்பினால் மூட்டை ஏற்றாதே, போன் செய். கீழே என் நம்பர். எழுத்து கோணல்தான். ஜெயக்கொடி இரண்டு தடவை சத்தமாக வாசித்துவிட்டு, "இம்புட்டுத்தானாக்கா?" என்றார். இம்புட்டுத்தான்.

அன்று மதியம் சிக்கந்தர் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் கறியும் வந்தது. பத்துப் பெண்களும் நானும் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக்கூட இப்படி நெய் மணக்காது. அதை நான் அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கொட்டகைக்கு இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் மறுசோறு வாங்குகிறோம்.

வெள்ளிக்கிழமை காலை ஊர்க்காரர்கள் இருபது பேர் வந்தார்கள். முன்னால் மாரிச்சாமி. ஒரு கையில் பூட்டு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி. ஜெயக்கொடியின் பெண்கள் வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். சிக்கந்தர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்து, மெழுகு தேய்த்தது தான்தான், தப்பு தன்னுடையது என்று எல்லோரிடமும் சொன்னார். மாரிச்சாமி நாற்காலியைப் போர்வைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, கடையிலிருந்து டீ கொண்டுவரச் சொன்னார். அந்த ஊருக்கு முன்னால் ஒரு முழு கிளாஸ் டீயை நிதானமாக, ஊதி ஊதிக் குடித்தார். இத்தனை மெதுவாக ஒரு மனிதன் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இன்னும் லேசா அடிக்குது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா டீ எறங்குது." பூட்டை ஜெயக்கொடியிடம் நீட்டினார். "இந்தா. நல்ல பூட்டு. ராத்திரிக்கு ஒங்க புளோயர் ரூமுக்குப் போடு."

ஜெயக்கொடி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை இறக்கி, "ஏத்தா, எல்லாரும் நிக்காதீக, காய் வண்டி வந்துருச்சு" என்று பெண்களை விரட்டினார்.

நான் அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். மெழுகு விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அது யூசர் மிஸ்டேக் மேடம்" என்றார், சந்தோஷமாக. தையல் இல்லை என்று குழுவில் எழுதுங்கள் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

சனிக்கிழமை சிக்கந்தர்தான் என்னைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் விட்டார். ஜீப்பின் மேலே புதுக் கூரை: நான் தைத்து அவர் மெழுகு பூசிய போர்வையில் நல்ல பாகத்தை முதல் நாள் சாயந்தரம் அளந்து வெட்டிக் கொடுத்திருந்தேன். வழியில் சாரல் பிடித்தது. ஒரு துளி உள்ளே வரவில்லை. "பாத்தீகளா?" என்றார், ஸ்டியரிங்கைத் தட்டியபடி. மடியில் ஒரு கூடை பன்னீர்த் திராட்சையோடு ஊர் வந்து சேர்ந்தேன். பாதி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் என் சூட்டு மிஷின் மேல் சந்தேகம் இருந்தது, அவர் வாயை அடைக்க வேறு வழி இல்லை.

இது எல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. கடிதம் இன்னும் அந்தக் குழுவில் அப்படியே இருக்கிறது. என் கடைப் பெயரும் அப்படியே இருக்கிறது.

ஏரியா மேனேஜர் அவர்களே, மூலையில் ஒரு சாண் டேப் தூக்கியது என் தப்பு, ஊரறியச் சொல்லிவிட்டேன். மெழுகு பூசியது தன் தப்பு என்று சிக்கந்தர் இருபது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அன்றைக்குக் காரை விட்டு இறங்கினீர்களா, இல்லையா? அந்த மூன்று வரித் தமிழை ஏன் வேண்டாம் என்றீர்கள்? எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லாதீர்கள், எடுக்க மாட்டேன். கடிதம் போட்ட அதே குழுவில், எல்லோரும் பார்க்க எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் கொட்டகைக்கு நேரில் வந்து சொல்லுங்கள். மாரிச்சாமி அந்த நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை.